பல் விட்ட சுவர்

முப்பது வருடம் செங்கல் சுமந்தபோது வராத இடுப்பு வலி, நகராட்சி அலுவலகப் பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்ததில் வந்துவிட்டது. கொத்தனாரால் முதலில் அதை நம்பவே முடியவில்லை. மூன்றாவது மாடிச் சாரத்தில் ஒற்றைக்கால் கொக்கு மாதிரி நின்றுகொண்டு பகலெல்லாம் கூரையடி பூசிய இடுப்பு அது. மழையில் நனைந்த மணல் மூட்டை ஏறியும் வளையாத இடுப்பு. ஒரு நாலடிப் பலகையிடம் போய்த் தோற்றுவிட்டது.

குற்றம் பெஞ்சின் மேல்தான். அதன் ஒரு கால் விரற்கடை அளவு குட்டை. உட்கார்ந்தால் இடப்பக்கம் சாயும். நிமிர்ந்தால் வலப்பக்கம் தட்டும். மற்றவர்கள் அதில் ஆடிக்கொண்டே தூங்கினார்கள். கொத்தனாரால் முடியாது. வேலையிடத்தில் அவருக்கு ‘ரசமட்டம்’ என்று பட்டப்பெயர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் மட்டமா கோணலா என்பதுதான் அவர் கண்ணில் முதலில் படும். முதல் தடவை மாமனார் வீட்டுக்குப் போனபோது பெண்ணைப் பார்க்காமல் நிலைக்கதவைப் பார்த்து, “கால் அங்குலம் சாஞ்சிருக்கு” என்று சொன்ன மனுஷன் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அவர் குனிந்து பெஞ்சுக்கடியில் துழாவுவதைப் பார்த்து, மேசைக்குப் பின்னாலிருந்த எழுத்தர் வாயிலிருந்து பேனா மூடியை எடுத்தார். எந்நேரமும் அந்த மூடியைக் கடித்துக்கொண்டிருப்பதால் கொத்தனார் மனசுக்குள் அவருக்குப் பேனா மூடி என்றே பெயர் வைத்திருந்தார்.

“கீழ என்னங்க தேடுறீங்க?”

“இந்தக் காலுக்கு முட்டுக் குடுக்க ஏதாவது சில்லு கிடைக்குமான்னு பார்க்கிறேன்.”

பேனா மூடி அலமாரிக்கடியிலிருந்து பழுத்துப்போன காகிதக் கட்டு ஒன்றை உருவி நீட்டினார். “இதை மடிச்சு வைங்க.”

“இது யாரோ குடுத்த மனு மாதிரி இருக்கே சார்.”

“முடிஞ்ச கேஸு.”

“தீர்த்து வெச்சிட்டீங்களா?”

“மனு குடுத்தவர் முடிஞ்சிட்டார்.”

சொன்னவர் சிரிக்கவில்லை. கொத்தனார் காகிதத்தை எட்டாக மடித்துக் கால் அடியில் செருகினார். பெஞ்சு ஆடாமல் நின்றது. அந்த அலுவலகத்தில் ஒரு மனுவால் ஏதோ ஒன்று சரியானதை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார்.

அவருடைய மனு வேறு விஷயம். அது இன்னும் உயிரோடு இருந்தது. ஆனால் எந்த மேசையில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நகராட்சிக் குப்பை லாரி தெருமுனையில் திரும்ப முடியாமல் பின்பக்கமாகவே வந்தது. வந்த வேகத்தில் கொத்தனார் வீட்டு எல்லைச் சுவரில் முதுகைச் சாய்த்தது. இருபத்திரண்டு அடிச் சுவரில் ஒன்பது அடி தெருவில் படுத்துக்கொண்டது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். உடைந்த பின்விளக்கைத் தடவினார். “மனு குடுங்கண்ணே, நகராட்சியே கட்டித் தந்துடும்” என்று நல்ல மனசோடு சொல்லிவிட்டு, அடுத்த தெருக் குப்பையை அள்ளப் போய்விட்டார்.

எல்லைச் சுவர்தானே, போனால் போகிறது என்று விட முடியாது. குளிக்கும் இடத்தை ஒட்டித்தான் அந்தச் சுவர் நின்றது. இடம் மிச்சம் பிடிக்க, மூன்று பக்கம் மட்டும் புதிதாகக் கட்டி, நாலாவது பக்கத்துக்கு எல்லைச் சுவரையே வைத்துக்கொண்டிருந்தார் கொத்தனார். இப்போது குளிக்கும் இடத்துக்கு மூன்று சுவரும் ஒரு பஸ் நிறுத்தமும் இருந்தன. எதிர்ப்புறம் நிற்பவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி, சோப்புப் பெட்டி, கொடியில் தொங்கும் துண்டு எல்லாம் தெரிந்தது. தார்ப்பாய் கட்டிப் பார்த்தார். முதல் நாளே காற்று அதைத் தூக்கியது. மனைவி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரம். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் வானத்தைப் பார்த்தார்கள், மீதிப் பேர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் குடத்தோடுகூடப் போகவில்லை.

கொத்தனாருக்குப் பிரச்சினை இல்லை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் தண்ணீர்ப் பீப்பாய் இருக்கும். மனைவியும், மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகும் மகளும் பக்கத்து வீட்டுத் தையல் அக்காவிடம் போய் நின்றார்கள்.

“இதுக்கு என்னம்மா கேட்டுக்கிட்டு, வந்து குளிங்க” என்றாள் தையல் அக்கா, வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே. “தண்ணி மட்டும் ஓட்டைப் பக்கம் போகாது, கதவுப் பக்கம் வந்து தேங்கும். எவனோ ஒருத்தன் தலைகீழா வாட்டம் வெச்சுப் பூசிட்டுப் போயிட்டான். பார்த்துக் கால் வைங்க. தம்பிகிட்ட சொல்லியிருக்கேன், வந்து சரி பண்றேன்னிருக்கு.”

தம்பி என்றது கொத்தனாரை. அவள் சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது.

சுவர் விழுந்த அன்று சாயந்திரம் கொத்தனார் வேலை முடிந்து வந்தார். பார்த்தார். பையை இறக்கி வைத்தார். திட்டவில்லை, தலையில் கை வைக்கவில்லை. கை தானாகப் பையில் நுழைந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தது. தெருவில் கிடந்த செங்கற்களில் முழுசாக இருந்தவற்றைப் பொறுக்கி, ஒட்டியிருந்த பழைய காரையைத் தட்டி, பத்துக்குப் பத்தாக அடுக்கினார். அப்புறம் சுவர் அறுந்த இரண்டு முனைகளையும் சீர்செய்தார். பாதி உடைந்து தொங்கிய கற்களை எடுத்துவிட்டு, ஒரு வரி நீட்டம், ஒரு வரி உள்ளே என்று பல் விட்டார். புதுச் சுவர் பழைய சுவரோடு பிடிக்க வேண்டுமென்றால் முனையில் பல் இருக்க வேண்டும். கொத்து வேலைக்கு வந்த முதல் வருடம் படித்த பாடம். கடைசியில் துடைப்பத்தால் தூசி தட்டி, ஒரு கண்ணை மூடி, தூக்குக் குண்டு பிடித்துச் செங்குத்து பார்த்தார். திருப்தியாக இருந்தது.

“நாளைக்கும் நாளன்னைக்கும் லீவு போடுங்க. ரெண்டு நாள்ல ஏத்திடலாம், நான் கலவை போடுறேன்” என்றாள் மனைவி.

“இடிச்சவன் கட்டட்டும்.”

“இடிச்சவனுக்கா குளிக்க இடமில்ல?”

“இங்க பாரு. என் கையில ஒரு சுவர் விரல் அகலம் சாஞ்சா, வீட்டுக்காரன் என்ன சொல்லுவான்? உன் செலவுல இடிச்சு உன் செலவுல கட்டுன்னுவான். எத்தனை தடவை கட்டியிருக்கேன் நானு. அந்தச் சட்டம் எனக்கு மட்டுமா? நகராட்சிக்கும் அதேதான்.”

அதில் ஒரு நியாயம் இருந்தது. நியாயம் மனசுக்குத்தான் மறைப்பு, குளிக்கிற இடத்துக்கு ஆகாது என்று அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. பிறகு சொன்னாள், பல தடவை.

மறுநாள் காலையில் மனு கொடுத்தார். பேனா மூடி அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கட்டளை போட்டார்.

“ஆய்வு முடியற வரைக்கும் இடத்துல கை வைக்கக் கூடாது. ஒரு கல் நகர்ந்தாலும் ஆதாரம் போச்சு. புரியுதா?”

“எப்ப வருவாங்க சார்?”

“பார்க்கலாம்.”

அதன்பின் மனு நடக்கத் தொடங்கியது. லாரி சுகாதாரப் பிரிவைச் சேர்ந்தது என்று சுகாதாரப் பிரிவுக்குப் போனது. அவர்கள், இடிந்தது சுவர், சுவருக்கும் சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கட்டடப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கட்டடப் பிரிவு, கட்டுகிற சுவர்தான் எங்களுடையது, இடிகிற சுவர் எங்களுடையதல்ல என்றது. சாலைப் பிரிவு, சுவர் விழுந்து கிடந்தது எங்கள் சாலையில், அதை அப்புறப்படுத்தாததற்கு யார் பொறுப்பு என்று எதிர்க்கேள்வி எழுதியது. கொத்தனார் வாரத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பெஞ்சு மட்டமானதில் எல்லோருக்கும் சந்தோஷம். முன்பைவிட நிம்மதியாகத் தூங்கினார்கள்.

வீட்டில் நிம்மதி இல்லை. தெருவில் போகிறவர்கள் இடிந்த சுவரைப் பார்ப்பார்கள், வாசலில் காயும் கலவைச் சட்டியைப் பார்ப்பார்கள், பிறகு கொத்தனாரைப் பார்ப்பார்கள். கூட வேலை செய்கிறவன் ஒருநாள் சாரத்தின் மேலிருந்து கேட்டான்: “என்ன ரசமட்டம், வீட்டுக்கு யாராவது நல்ல கொத்தனார் வேணுமா? எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கு.”

பத்தாவது வாரம் மேற்பார்வையாளர் வந்தார். கையில் அளவு நாடா, கக்கத்தில் ஃபைல், தலைக்கு மேலே குடை. கொத்தனார் அன்று வேலைக்குப் போகாமல், சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு நின்றார். மேற்பார்வையாளர் சுவரின் ஒரு முனையைப் பார்த்தார். நடந்து போய் இன்னொரு முனையைப் பார்த்தார். குடையை மடக்கி, அதன் நுனியால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணினார்.

“ரொம்பச் சுத்தமா இருக்கே.”

“ஆமா சார்” என்றார் கொத்தனார். பத்து வாரத்தில் ஒரு மனுஷர் வேலையைக் கவனித்துச் சொன்ன முதல் வார்த்தை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

“இது ஏன் இப்படி ஒண்ணு விட்டு ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு?”

“அது பல்லு சார். இப்படி விட்டாத்தான் புதுசாக் கட்டறது பழசோட பிடிக்கும். இல்லேன்னா ரெண்டு மழையில விரிசல் விட்டுடும். நிறையப் பேர் இதைச் செய்யறதில்ல சார், நேரா ஒட்டவெச்சிட்டுப் போயிடறானுங்க.”

“கல்லெல்லாம்கூட அடுக்கி வெச்சிருக்கு.”

“நானூத்தி இருபது சார். காரை தட்டி வெச்சிருக்கேன்.”

“லாரி இடிச்சா இப்படியா இருக்கும்?”

“லாரிக்கு அவ்வளவு வேலை தெரியாதுங்க சார். நான்தான் செஞ்சேன்.”

மேற்பார்வையாளர் ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டார். எழுதும்போது தலையை ஆட்டிக்கொண்டார். கொத்தனார் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் போன பிறகு மனைவியிடம், “விவரம் தெரிஞ்ச ஆளு. எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டார்” என்றார்.

“நீங்க எல்லாத்தையும் சொன்னீங்களா?”

“ஒண்ணு விடல.”

அவள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தையல் அக்கா வீட்டுக்குக் குளிக்கப் போனாள்.

மூன்று வாரம் கழித்து அரசாங்கக் கவர் வந்தது. மகள் மருந்துக் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரித்துப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் மெதுவாகியது.

“‘மேற்படி இடத்தில் சேதம் எதுவும் காணப்படவில்லை. உரிய அனுமதி பெறாமல் எல்லைச் சுவர் கட்டும் பணி நடைபெற்று வருவதும், அதற்கெனச் செங்கற்கள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதும், மேற்கொண்டு கட்டுவதற்கு ஏதுவாகச் சுவர் முனைகள் தயார் செய்யப்பட்டிருப்பதும் மனுதாரரின் வாய்மொழியாலேயே உறுதி செய்யப்பட்டது.’ அப்பா, மனுதாரர்னா நீங்கதான்.”

“மேல படி.”

“வேலையை உடனே நிறுத்தணுமாம்.”

“எந்த வேலையை?”

“நடக்காத வேலையைத்தான்ப்பா.”

கொத்தனார் வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார். பல்வரிசை அழகாகத் தெரிந்தது. தூக்கு இம்மியும் பிசகவில்லை. ஒரு அரைகுறைக் கொத்தனாராக இருந்திருந்தால் எல்லாவற்றையும் குப்பையாகப் போட்டு வைத்திருப்பான், நஷ்டஈடு கிடைத்திருக்கும். முப்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒழுங்காக வேலை தெரிந்ததற்கு அவர் வருத்தப்பட்டார்.

“இடிஞ்ச மாதிரி மறுபடியும் உடைச்சு வெச்சிடட்டுமா?” என்று கேட்டார், யாரிடமென்றில்லாமல்.

“உடைங்க. கையோட கையா என்னையும் பஸ் ஸ்டாப்புல கொண்டுபோய் உட்காரவெச்சிடுங்க” என்றாள் மனைவி.

மாதக் கடைசியில் குறை கேட்கும் நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்குப் பெரிய அதிகாரியை நேரில் பார்க்கலாம். கொத்தனார் போவதாக முடிவு செய்தார். இந்த முறை ஆதாரம் கையில் இருந்தது. சுவரின் தெருப்பக்கம் நீலம் அடித்திருந்தார். இடித்த லாரியின் முதுகில் அந்த நீலம் இன்னும் அப்பிக்கொண்டிருந்தது. நாலு மாதமாக யாரும் துடைக்கவில்லை. லாரி நிற்கும் இடமும் அதிகாரி அறை ஜன்னலுக்கு நேர் கீழே. இதைவிட என்ன வேண்டும்?

அன்று காலையில்தான் மகள் விழுந்தாள். தையல் அக்கா வீட்டுக் குளியலறையில், கதவருகே தேங்கிய சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி, வாசற்படியில் முழங்கை அடிபட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை. முழங்கை கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. தையல் அக்கா ஈரத்துணி சுற்றி அழைத்து வந்து விட்டாள். மகளின் சோப்புப் பெட்டியைக் கொத்தனார் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

அவள் படியிறங்கியதும் மனைவி ஆரம்பித்தாள். குரல் உயரவில்லை.

“அந்த அக்கா மூணு வருஷமா அந்தத் தரையைச் சரி பண்ணச் சொல்லிக் கேட்குது. நீங்க என்ன சொன்னீங்க?”

“பார்க்கலாம்னு…”

“நகராட்சியில உங்களுக்கு என்ன சொன்னாங்க?”

கொத்தனார் சட்டைப் பொத்தானைப் போட்டார்.

“அவங்களுக்காவது நாலு பிரிவு இருக்கு, ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளி விடலாம். நீங்க ஒத்தை ஆளா இருந்துக்கிட்டே மூணு வருஷம் ஓட்டிட்டீங்க” என்றாள்.

பெரிய அதிகாரி மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேனா மூடி, ஃபைல் கட்டோடு. கொத்தனார் எல்லாவற்றையும் சொன்னார். பல்லைப் பற்றியும் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கொத்தனார் ஜன்னலருகே போய்க் கை நீட்டினார்.

“சார், எழுந்து வந்து ஒரு தடவை பாருங்க. அந்த மூணாவது லாரி. பின்னாடி நீலமா இருக்குல்ல, அது எங்க சுவர்.”

அதிகாரி எழுந்து வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “ஆமா, நீலம்தான்” என்று ஒப்புக்கொண்டார். கொத்தனாருக்கு நாலு மாத இடுப்பு வலி ஒரு நொடியில் விட்டது போல இருந்தது.

அதிகாரி பேனா மூடியிடம் திரும்பினார். “அந்த லாரி ஃபைலை எடுங்க.”

வந்த ஃபைல் கொத்தனாருடையதைவிட இரண்டு மடங்கு கனம்.

“வண்டியோட பின்விளக்கு உடைஞ்சது சம்பந்தமா சுகாதாரப் பிரிவு ஒரு அறிக்கை குடுத்திருக்கு” என்று அதிகாரி படித்தார். “‘பணியில் இருந்தபோது நிலையான பொருள் ஒன்றின் மீது மோதியதால் நகராட்சிச் சொத்துக்குச் சேதம்.’ அந்தப் பொருள் யாருடையதுன்னு தெரியாம நாலு மாசமா நிலுவையில இருக்கு. இப்ப நீங்களே வந்து உங்களுதுன்னு சொல்லியிருக்கீங்க.”

“சார், சுவர் லாரி மேல போய் மோதலையே.”

“நான் அப்படிச் சொல்லல. சுவர் நின்ன இடத்துலதான் நின்னுச்சு. அதைத்தான் அறிக்கையும் சொல்லுது, நிலையான பொருள்னு. ஆனா ஒரு ஃபைல்ல சுவர் இடிஞ்சது, இன்னொரு ஃபைல்ல சுவர் இன்னும் கட்டியே முடியல. ரெண்டையும் சேர்த்துப் படிச்சா என்ன வருது? அனுமதி இல்லாம கட்டிக்கிட்டிருந்த சுவர்ல நகராட்சி வண்டி மோதி விளக்கு உடைஞ்சிருக்கு. விளக்கை நீங்க மாத்திக் குடுக்க வேண்டியிருக்கும்.”

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்புவது என்றால் இதுதான். அதுவும் தண்ணீருக்கு வெட்டின கிணறு இல்லை. குளிக்க ஒரு மறைப்புக்கு வெட்டினது.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். மகள் வயசில் அவருக்கும் ஒரு மகள் இருக்கலாம்.

“இதைச் சுமுகமா முடிச்சிடலாம். விளக்கை நாங்க விட்டுடறோம். அனுமதி குடுத்ததா எடுத்துக்கறோம். நீங்க பதினஞ்சு நாளைக்குள்ள சுவரை முழுசாக் கட்டி முடிச்சிடணும். இல்லேன்னா மிச்சமிருக்கிற பதிமூணு அடியையும் எடுத்துட வேண்டியிருக்கும். இனிமே இது விஷயமா எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு இதுல ஒரு கையெழுத்து.”

“இடிச்சது உங்க லாரின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார், காசு எதுவும் வேணாம். நான் என் கையாலயே கட்டிக்கறேன். அந்த ஒரு வரி மட்டும்.”

“அப்படி எழுதினா ஃபைலை மறுபடியும் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பணும்” என்றார் பேனா மூடி, மூடியை வாயிலிருந்து எடுக்காமலே. “அங்கேர்ந்து கட்டடப் பிரிவுக்கு. அவங்க சாலைப் பிரிவைக் கேட்பாங்க.”

கொத்தனார் காகிதத்தைப் பார்த்தார். இதில் கையெழுத்துப் போட்டால், நாலு மாதமாக அவர் சொன்ன ஒரே வார்த்தை, இடிச்சவன் கட்டணும் என்பது, பொய் என்று அவரே எழுதிக் கொடுத்ததாக ஆகும். போடாவிட்டால் நாளைக் காலையும் அந்த வீங்கின முழங்கை, அந்தத் தேங்கின தண்ணீரில் போய்க் குளிக்க வேண்டும்.

“பேனா குடுங்க” என்றார்.

பேனா மூடி பேனாவைக் கொடுத்தார். மூடியைக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் கொத்தனார் லீவு போட்டார். மனைவி கலவை போட்டாள். மகள் ஒரு கையால் கல் எடுத்துக் கொடுத்தாள். “ரெண்டு நாள்தான் ஆகும்னு நான் அன்னைக்கே சொன்னேன்” என்று மனைவி சொல்வாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வரியாக ஏற்றினார். அவள் சொல்லவில்லை. கலவையைக் கொட்டும்போது சட்டியைக் கொஞ்சம் ஓங்கி வைத்தாள், அவ்வளவுதான். நாலு மாதமாகக் காத்திருந்த பல்லில் புதுக் கல் போய்ப் பூட்டு மாதிரி உட்கார்ந்தது. காய்ந்த பிறகு பூசினார். பூச்சு மேல் நீலம் அடித்தார். புது நீலமும் பழைய நீலமும் வேறுவேறாகத் தெரிந்தன. அந்தக் கண்ணுக்கு அது பொறுக்குமா? இருபத்திரண்டு அடிக்கும் சேர்த்து இரண்டு கை அடித்துவிட்டார்.

பதினாறாவது நாள் மேற்பார்வையாளர் அதே குடையோடு வந்தார். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். திரும்பி நடந்தார்.

“புதுசாக் கட்டினது எது?”

“இங்கேர்ந்து… இதுவரைக்கும் சார்.”

மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார். குடை நுனியால் தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “இணைப்பு எங்கயும் தெரியலையே.”

“தெரிஞ்சா அது வேலையா சார்?”

“அதெல்லாம் சரி. பணி முடிஞ்சதுன்னு நான் எதைப் பார்த்து எழுதறது? பார்த்தா பல வருஷமா நிக்கிற ஒரே சுவராட்டம் இருக்கு. உத்தரவுப்படி கட்டினதுக்கு அடையாளம் வேணுமில்ல?”

உள்ளே சளசளவென்று தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. “யாருங்க அது?” என்று மனைவியின் குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

“நகராட்சி” என்றார் கொத்தனார்.

“குளிச்சிக்கிட்டிருக்கேன், அப்புறமா வரச் சொல்லுங்க.”

“இதாங்க சார் அடையாளம்” என்றார் கொத்தனார். “இதை எழுதிக்குங்க.”

மேற்பார்வையாளர் சங்கடத்தோடு குடையை விரித்துக்கொண்டார். ஃபைலில் என்னவோ எழுதினார். கட்டுமானம் நடைபெற்றதற்கான அடையாளம் ஏதும் காணப்படவில்லை என்றுதான் இருக்கும். “இன்னொரு நோட்டீஸ் வரும்” என்றார்.

“வரட்டும் சார். கல்லுல எழுதி ஒட்டினாலும் சரி. இனிமே அந்தப் பெஞ்சுல நான் உட்கார மாட்டேன்.”

அவர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போகும்வரை கொத்தனார் பார்த்துக்கொண்டு நின்றார். மனசு லேசாக இருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் தையல் அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

“சுவர் நல்லா வந்திருக்கு தம்பி.”

“ஆமாக்கா.”

“அப்ப, நம்ம தரை?”

மறுநாள் ஒரு பெரிய வீட்டு வேலை தொடங்குவதாக இருந்தது. இரண்டு நாள் கூலி ஏற்கெனவே போயிருந்தது. மிச்சமிருந்த சிமெண்டும் சுவரோடு தீர்ந்துவிட்டது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவையெல்லாம் ஞாபகம் வருவதற்கு முன்பே வாய் முந்திக்கொண்டது.

“பார்க்கலாம்க்கா. அடுத்த வாரம்.”

 தையல் அக்கா வாயிலிருந்த குண்டூசியை எடுத்து முந்தானையில் குத்தினாள்.

“எந்தப் பிரிவுல மனு குடுக்கணும் தம்பி?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. மனைவி காதில் விழுந்திருக்கிறது. கொத்தனாருக்கு இடுப்பில் பழைய வலி மெல்ல எழுந்தது. நாலு மாதம், இரண்டு பேர், தினம் ஆளுக்கு ஒரு குளியல். அதற்கு ஈடாகத் தையல் அக்கா வீட்டுக் குளியலறைத் தரையைக் கொத்தியெடுத்து, ஓட்டைப் பக்கம் ஓரங்குலம் வாட்டம் கொடுத்துப் பூச வேண்டும். ஒரு நாள் வேலை. அது இன்னும் பாக்கி.